விழுத்தொடர் பாணித்தாள் கற்றல் வளங்கள்

விழுத்தொடர் பாணித்தாள் அல்லது சி.எஸ்.எஸ். என்பது வலைப்பக்கம் ஒன்றின் தோற்றத்தை விவரிக்கப் பயன்படும் பாணித்தாள் மொழி ஆகும். பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் எச்.டி.எம்.எல். குறிக்கிறது, எழுத்துரு, நிறம், இடைவெளி, பத்தி அமைப்பு முதலியவற்றை சி.எஸ்.எஸ். குறிக்கிறது. இவ்விரண்டும் எவருக்கும் உரிமையாக இல்லாத திறந்த வலைத்தரங்கள் ஆகும். இவற்றைக் கற்பதற்கான ஆவணங்கள், பாடங்கள், சோதனைக் கருவிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இவ்வளங்களில் மிகப் பல இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தமிழில் வலைப்பக்கம் அமைப்போர் இவற்றோடு வேறு சிலவற்றையும் அறிய வேண்டியுள்ளது. தமிழ் எழுத்தைக் கடன்பெற்று எழுதப்படும் இருளம், படுகு போன்ற நீலகிரி மலை மொழிகளுக்கு இத்தேவை இன்னும் கூடுதலாகும்.

பெயர்

ஓர் உறுப்பின் தோற்றத்தைப் பற்றிப் பல விதிகள் ஒரே நேரத்தில் கூறக்கூடும். உலாவியின் இயல்பு விதிகள், பயனரின் விருப்பங்கள், பக்கத்தை ஆக்கியவரின் விதிகள் ஆகியவை மேலிருந்து கீழே வரிசையாக விழுந்து, இறுதியில் ஒரு மதிப்பு மட்டும் நிலைக்கிறது. இதனாலேயே விழுத்தொடர் என்னும் பெயர் அமைந்தது. எந்த விதி வெல்லும் என்பது அதன் மூலம், தேர்வியின் குறிப்புத்தன்மை, எழுதப்பட்ட வரிசை ஆகியவற்றைப் பொறுத்தது. புதிதாகக் கற்போர் பெரிதும் இடர்ப்படும் பகுதி இதுவே ஆகும். தோற்றம் எதிர்பார்த்தவாறு அமையாதபோது மேலும் மேலும் விதிகளைச் சேர்ப்பதைவிட, எந்த விதி வென்றது என்பதை உலாவியின் ஆக்குநர் கருவிகளில் பார்த்து அறிவதே முறையான வழியாகும்.

வரலாறு

ஓகோன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டவர், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் பணியாற்றியபோது, 1994 அக்டோபர் 10 அன்று சி.எஸ்.எஸ். பற்றிய முதல் முன்மொழிவை வெளியிட்டார். பின்னர் பெர்ட் போசு அவருடன் இணைந்தார். அதே ஆண்டில் டிம் பேர்னேர்ஸ்-லீ தொடங்கிய உலகளாவிய வலைச் சேர்த்தியம் இப்பணியை ஏற்றுக்கொண்டது. இதன் முதல் நிலை 1996 டிசம்பர் 17 அன்றும், இரண்டாம் நிலை 1998 மே மாதத்திலும் பரிந்துரைகளாக வெளிவந்தன. இரண்டாம் நிலையின் திருத்திய வடிவமான 2.1, 2011 சூன் மாதத்தில் பரிந்துரை ஆனது. அதன் பின் சி.எஸ்.எஸ். ஒரே ஆவணமாக இல்லாமல், தனித்தனியே வளரும் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே "சி.எஸ்.எஸ். 3" என ஒற்றை ஆவணம் எதுவும் இல்லை.

1990களின் இறுதியில் நெட்சுகேப், இன்டர்நெட் எக்சுபுளோரர் ஆகிய உலாவிகள் தரங்களை வெவ்வேறு விதமாகச் செயல்படுத்தின. ஒரே பக்கத்தை இருமுறை எழுத வேண்டிய நிலை இருந்தது. இதனை எதிர்த்து 1998 இல் வலைத்தரங்கள் திட்டம் என்னும் ஆக்குநர் குழு உருவானது. இக்குழு 2013 இல் தன் பணியை நிறைவு செய்துகொண்டது. உலாவிகள் தரங்களுக்கு ஏற்ப இயங்குகின்றனவா என அறிய ஆசிட் 1 (1998), ஆசிட் 2 (2005), ஆசிட் 3 (2008) ஆகிய சோதனைப் பக்கங்கள் பயன்பட்டன. 2022 முதல் முதன்மை உலாவி நிறுவனங்கள் இணைந்து இன்டராப் என்னும் ஆண்டுத் திட்டத்தின் மூலம் தம் வேறுபாடுகளைக் குறைத்து வருகின்றன.

முதன்மைக் கற்றல் வளங்கள்

- தரநிலை ஆவணங்கள்: சி.எஸ்.எஸ். கூறுகளின் முழு விவரங்களை உலகளாவிய வலைச் சேர்த்தியம் தன் தளத்தில் வெளியிடுகிறது. எச்.டி.எம்.எல். தரத்தை 2019 ஒப்பந்தத்தின்படி வாட்டுவிக் குழு பேணுகிறது. இவை உலாவி எழுதுவோரையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை, தொடக்கநிலையாளருக்குக் கடினமானவை. எனினும் ஐயம் எழும்போது இறுதி விடை இவற்றிலேயே உள்ளது.
- எம்.டி.என். வலை ஆவணங்கள்: மொசில்லாவால் 2005 இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பண்புக்கும் விளக்கம், எடுத்துக்காட்டு, உலாவி ஆதரவு அட்டவணை ஆகியவை உண்டு. இதன் உள்ளடக்கம் திறந்த உரிமத்தில் உள்ளது. எவரும் திருத்தம் முன்மொழியலாம். இதன் மொழிபெயர்ப்புகளுள் தமிழ் இல்லை.
- டபிள்யூ3 சுகூல்சு: 1998 முதல் இயங்கும் நார்வே நாட்டுத் தளம். பக்கத்திலேயே நிரலைத் திருத்திப் பார்க்கும் வசதி இதன் சிறப்பாகும். பெயர் ஒத்திருப்பினும் இதற்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்திற்கும் தொடர்பில்லை.
- எ லிசுட்டு அபார்ட்டு: செஃப்ரி செல்டுமன் நிறுவிய இதழ். திரையின் அகலத்திற்கேற்பத் தகவமையும் வடிவமைப்பு பற்றி ஈத்தன் மார்க்காட் எழுதிய கட்டுரை 2010 இல் இதில் வெளிவந்தது.
- சி.எஸ்.எஸ். சென் தோட்டம்: டேவ் சே 2003 இல் தொடங்கியது. ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, பாணித்தாள் மட்டும் மாறும். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிப்பதன் ஆற்றலை இதைவிட எளிதாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.
- சி.எஸ்.எஸ். ட்ரிக்சு: கிறிசு கோயர் 2007 இல் தொடங்கியது, 2022 இல் டிசிட்டல் ஓசன் நிறுவனத்தின் உடைமை ஆனது. நெகிழ்பெட்டி, கட்டம் ஆகிய அமைவுகளுக்கான இதன் வழிகாட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன.
- விளையாட்டுப் பாடங்கள்: ஃபிளெக்சுபாக்சு ஃபிராகி என்பதில் தவளைகளை இலைகளில் சேர்ப்பதன் மூலம் நெகிழ்பெட்டியைக் கற்கலாம். கட்ட அமைவுக்குக் கிரிட் கார்டன் உள்ளது.
- சரிபார்ப்பான்கள்: உலகளாவிய வலைச் சேர்த்தியம் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டிற்கும் இலவசச் சரிபார்ப்பான்களை வழங்குகிறது. ஒரு பண்பு எந்த உலாவிகளில் இயங்கும் என அறிய கேன் ஐ யூசு தளம் உதவுகிறது.

தமிழில் உள்ள வளங்கள்

தமிழில் சி.எஸ்.எஸ். கற்பிக்கும் வளங்கள் சிலவே. கட்டற்ற மென்பொருள் பற்றிய கணியம் இதழ் 2012 இல் தொடங்கப்பட்டது. அதன் தொடர்களுள் ஒன்றான "எளிய தமிழில் சி.எஸ்.எஸ்." மின்னூலாகவும் கிடைக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுபோக்கன் டுடோரியல் திட்டம் கட்டற்ற மென்பொருள்கள் குறித்த பாடங்களைத் தமிழ்க் குரலிலும் வழங்குகிறது. பண்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே உள்ளதால், விளக்கம் தமிழிலும் நிரல் ஆங்கிலத்திலும் அமைவது வழக்கமாகும்.

தமிழ் எழுத்துக்குரிய சிக்கல்கள்

எழுத்தும் குறியெண்ணும்: ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழர் ஓர் எழுத்து எனக் கருதுவதும் கணினி ஒரு குறியெண் எனக் கருதுவதும் ஒன்றல்ல. "உதகமண்டலத்திலிருந்து" என்னும் சொல்லில் 13 எழுத்துகள் உள்ளன. ஆனால் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 20 குறியெண்கள், யூ.டி.எஃப்.-8 முறையில் 60 பைட்டுகள். இவ்வாறு பல குறியெண்கள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் தொகுதியை விளக்கும்போது, ஒருங்குறியின் உரைப்பிரிப்பு ஆவணம் தமிழின் "நி" எழுத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. எழுத்திடைவெளி, முதலெழுத்தைப் பெரிதாக்கல் முதலிய சி.எஸ்.எஸ். பண்புகள் இத்தொகுதியை உடைக்கக்கூடாது என்பது விதியாகும். "கொ" என்னும் எழுத்தில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்பதால், எழுத்திடைவெளியைக் கூட்டிய தலைப்புகளை உலாவியில் நேரில் பார்த்துச் சரிபார்த்தல் நன்று.

இருவகைக் குறியேற்றம்: "கொ" எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சி.எஸ்.எஸ். தேர்விகள் குறியெண்களை அப்படியே ஒப்பிடுகின்றன, இயல்பாக்கம் செய்வதில்லை. எனவே வகுப்புப் பெயர்களைத் தமிழில் எழுதுவோர் ஒரே விசைப்பலகை முறையைப் பின்பற்ற வேண்டும். இல்லையேல் எழுதிய விதி காரணம் தெரியாமல் செயல்படாது போகும்.

வரி உடைப்பு: தமிழ் ஒட்டுநிலை மொழி ஆதலால் நீண்ட சொற்கள் இயல்பானவை. கைப்பேசியின் குறுகிய திரையில் இவை பெட்டியைத் தாண்டி வெளியே நீளும். எவ்விடத்திலும் உடைக்கும்படி கட்டளையிட்டால், புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்துவிடக்கூடும். "உதகம" என ஒரு வரி முடிந்து "ண்டல" என அடுத்த வரி தொடங்குவது படிப்பவரை இடறச்செய்யும். சொல் இடம் கொள்ளாதபோது மட்டும் உடைக்கும் பண்பைப் பயன்படுத்துவதும், நீண்ட சொற்களில் 173 என்னும் குறியெண் கொண்ட மென்கோட்டைத் தகுந்த இடங்களில் இடுவதும் பாதுகாப்பான வழிகளாகும்.

வரி உயரம்: மேலே விலங்கும் கீழே சுழியும் கொண்ட எழுத்துகள் தமிழில் உள்ளன. வரி உயரம் குறைந்தால் ஒரு வரியின் "கூ" அடுத்த வரியின் "கீ" உடன் மோதும். 1.5 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பை அலகின்றி எழுதுவது நல்லது. அலகின்றி எழுதிய மதிப்பு, உள்ளுறுப்புகளின் எழுத்தளவுக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும்.

சாய்வெழுத்து: தமிழ் அச்சு மரபில் தனிச் சாய்வெழுத்து இல்லை. எழுத்துருவில் அது இல்லாதபோது உலாவி நேர் எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கிறது. மொழித் தேர்வியைக் கொண்டு, தமிழ்ப் பகுதிகளில் அழுத்தத்தைத் தடித்த எழுத்தாலோ நிறத்தாலோ காட்டலாம்.

தமிழ் எண்கள்: பட்டியல்களை ௧, ௨, ௩ என எண்ணிடும் "தமிழ்" என்னும் பாணி சி.எஸ்.எஸ். எண்ணுப் பாணிகள் கூற்றில் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. இதில் பத்து ௧௦ என வரும். ௰, ௱, ௲ ஆகியவற்றைக் கொண்ட பழைய முறை வேண்டுமெனில், உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பன்னாட்டுமயமாக்கல் குழு வெளியிட்ட ஆயத்தப் பாணிகளிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துருக்களும் இழந்த பக்கங்களும்

1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துருக்களையும் குறியேற்றங்களையும் வைத்திருந்தன. இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டன. டைனமிக் எழுத்துரு எனப்பட்ட முறையில் எழுத்துரு பக்கத்தோடு இறங்கியது. ஆனால் நெட்சுகேப்பிற்கு ஒரு கோப்பு வடிவமும் இன்டர்நெட் எக்சுபுளோரருக்கு மற்றொன்றும் தேவைப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தாம், தாப் குறியேற்றங்கள் வந்தன. இணையத் தமிழர்களிடையே தசுக்கி பரவியது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அனைத்து எழுத்துக் குறியேற்றமான டேசு 16 ஐயும் தரங்களாக ஏற்றது.

தனிக் குறியேற்றத்தில் எழுதி மாற்றப்படாமல் விடப்பட்ட பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே தெரிகின்றன. அவற்றைத் தேடுபொறி அறியாது, திரைபடிப்பான் வாசிக்காது. தோற்றம் சரியாக இருந்தால் போதும் என்னும் எண்ணத்தின் விலை இதுவாகும். உள்ளடக்கம் தரப்பட்ட குறியெண்களில் இருக்க வேண்டும், தோற்றம் மட்டுமே எழுத்துருவின் பொறுப்பு என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

வலை எழுத்துருவை அழைக்கும் விதி 1998 இன் இரண்டாம் நிலையிலேயே இருந்தது. 2.1 இல் நீக்கப்பட்டுப் பின்னர் எழுத்துருக் கூற்றில் மீண்டும் இடம்பெற்றது. சுருக்கப்பட்ட எழுத்துருக் கோப்பு வடிவமான வாஃப் 2012 இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2018 இலும் பரிந்துரைகள் ஆயின. நோட்டோ சான்சு தமிழ், கட்டமரன், மீரா இனிமை, முக்த மலர் முதலிய திறந்த உரிம எழுத்துருக்கள் இவ்வடிவில் கிடைக்கின்றன. குறியெண் எல்லையைக் குறிப்பிட்டால், பக்கத்தில் தமிழ் உள்ளபோது மட்டும் எழுத்துரு இறங்கும். எழுத்துரு வரும்வரை கருவியில் உள்ள எழுத்துருவில் உரையைக் காட்டும்படியும் கட்டளையிடலாம். மலைப்பகுதிகளைப் போன்று அலைவரிசை மெலிந்த இடங்களில், வெற்றுத் திரைக்குப் பதிலாக உரை உடனே தெரிய இது உதவுகிறது.

நீலகிரி மொழிகள்

நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 ஆகும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் படுகரும் இங்கு வாழ்கின்றனர். படுகு மொழி பேசுவோர் மட்டும் ஏறத்தாழ 1.3 இலட்சம் பேர். கணக்கெடுப்பில் இம்மொழி கன்னடத்தின் கீழ் தொகுக்கப்பட்டுள்ளது. இம்மொழிகளுக்கு மரபாக எழுத்துமுறை இல்லை. எழுதும் தேவை எழும்போது, பள்ளியில் கற்ற தமிழ் எழுத்தே பெரிதும் கைகொடுக்கிறது.

ஆனால் தமிழில் இல்லாத ஒலிகள் இம்மொழிகளில் உண்டு. தோடா மொழியின் உயிரொலிகள் தமிழைவிட மிகுதி. இருளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, தமிழ் எழுத்தின் கீழோ மேலோ பக்கத்திலோ ஒன்று அல்லது இரண்டு புள்ளிகள் இட்டு வேறுபாடு காட்டும் வழக்கத்தை ஒருங்குறித் தரம் குறிப்பிடுகிறது. தமிழ்த் தொகுதியில் இதற்கெனக் குறியெண் இல்லாததால், 803 (கீழ்ப்புள்ளி), 804 (கீழ் இரட்டைப்புள்ளி) ஆகிய பொதுக் குறிகளைப் பயன்படுத்தலாம் என அத்தரம் பரிந்துரைத்தது.

இப்பொதுக் குறிகளில் ஒரு நுட்பச் சிக்கல் உள்ளது. சேர்க்கைக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒருங்குறியில் ஒரு வகுப்பு எண் உண்டு. இயல்பாக்கத்தின்போது சிறிய எண் முன்னும் பெரிய எண் பின்னுமாக அவை அடுக்கப்படும். தமிழ்ப் புள்ளியின் வகுப்பு 9. பொதுக் கீழ்ப்புள்ளியின் வகுப்பு 220. ஆகவே ஒருவர் மெய்யெழுத்தின் கீழ்ப்புள்ளியை முதலில் இட்டு, அதன்பின் மேற்புள்ளியை இட்டாலும், இயல்பாக்கம் அவ்வரிசையை மாற்றிவிடும். எழுத்துரு இதனை எதிர்பார்க்காவிடில் குறி இடம் பெயரலாம். அல்லது புள்ளிவட்டம் ஒன்று இடையில் தோன்றலாம். 2018 இல் வெளிவந்த ஒருங்குறி 11.0 இல், கிரந்தத் தொகுதியில் 70459 என்னும் கீழ்ப்புள்ளி சேர்க்கப்பட்டது. இதனைக் கிரந்தம், தமிழ் இரண்டிலும் பயன்படுத்தலாம். இதன் வகுப்பு 7 ஆதலால், எழுத்தை ஒட்டியே நிற்கிறது. எனினும் எல்லாத் தமிழ் எழுத்துருக்களிலும் இக்குறி இல்லை. எழுத்துருவில் இல்லாத குறியை உலாவி வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கும்போது, அது எழுத்திலிருந்து விலகி நிற்க நேரிடும்.

இத்தகைய மொழிகளில் வலைப்பக்கம் அமைப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

- உரையை யூ.டி.எஃப்.-8 ஒருங்குறியில் மட்டும் எழுதுதல். தனி எழுத்துருவில் தமிழ் எழுத்தொன்றின் வடிவத்தை மாற்றி வேறு ஒலிக்குப் பயன்படுத்தாதிருத்தல்.
- மொழிப் பண்பைச் சரியாகக் குறித்தல். தமிழின் ஈரெழுத்துக் குறி "டி-ஏ" ஆகும். இருளத்திற்கு "ஐ-ஆர்-யூ", படுகுக்கு "பி-எஃப்-கியூ", தோடாவுக்கு "டி-சி-எக்சு", கோத்தாவுக்கு "கே-எஃப்-ஈ" என மூவெழுத்துக் குறிகள் பன்னாட்டுத் தரத்தில் உள்ளன.
- தமிழ்ப் பக்கத்தின் நடுவே வரும் படுகுச் சொல்லுக்கும் அதன் மொழியைத் தனியே குறித்தல். இவ்வாறு குறித்தால் அப்பகுதிக்கு வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்ச் சொல்லாகக் கருதி வரி உடைப்பதையும் தவிர்க்கலாம்.
- தேவையான குறிகள் உள்ள எழுத்துருவைச் சோதித்து, அதனைப் பக்கத்துடனேயே வலை எழுத்துருவாக அனுப்புதல்.
- சொற்களைப் படமாக இடுவதைத் தவிர்த்தல். படத்தில் உள்ள சொல்லைத் தேடவோ நகலெடுக்கவோ இயலாது.
- கணினியில் மட்டுமன்றி, குறைந்த விலைக் கைப்பேசிகளிலும் பார்த்தல்.

தமிழ்நாடு அரசு தன் 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் சௌராட்டிரம், படுகு, தோடா, கோத்தா உள்ளிட்ட மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பேசுவோர் சில ஆயிரமாகவோ அதற்கும் குறைவாகவோ உள்ள மொழியில், பாடல், கதை, தாவரப் பெயர் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே பதிவாகக்கூடும். தமிழின் பழைய குறியேற்றப் பக்கங்களை மாற்றித் தர ஆர்வலர் பலர் இருந்தனர். அரிய மொழியின் பதிவுக்கு அத்தகையோர் கிடைப்பர் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே தொடக்கத்திலேயே தரங்களைப் பின்பற்றுவது இங்கு முதன்மை பெறுகிறது.

அரசு வழிகாட்டல்கள்

இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டல்கள் 2009 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன. 2023 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டல் 2.1 இன் இடைநிலையை அடிப்படையாகக் கொண்டது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அணுகத்தக்க மின்னணு உள்ளடக்கத்தை வலியுறுத்துகிறது. நீலகிரி மாவட்ட நிருவாகத்தின் தளம், தேசியத் தகவலியல் மையத்தின் பொதுக் கட்டமைப்பில் ஆங்கிலத்திலும் தமிழிலும் இயங்குகிறது.

தமிழ் குறித்த தரநிலைப் பணிகள்

உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பன்னாட்டுமயமாக்கல் குழு, இந்திய மொழிகளுக்கான பக்க அமைப்புத் தேவைகள், தமிழுக்கான இடைவெளிப் பகுப்பாய்வு ஆகிய ஆவணங்களைப் பேணுகிறது. எந்தப் பண்பு தமிழில் சரியாக இயங்கவில்லை என்பது இவற்றில் பதிவாகிறது. கருத்துகளை எவரும் பொதுவில் தெரிவிக்கலாம். கட்டணமோ உறுப்புரிமையோ தேவையில்லை. தமிழ் அச்சுக்கலை அறிந்தவரும், மலை மொழிகளைப் பேசுவோரும் தரும் எடுத்துக்காட்டுகள் இவ்வாவணங்களை நிறைவாக்க உதவும்.

இவற்றையும் பார்க்க

- எச்.டி.எம்.எல்.
- ஒருங்குறி
- தமிழ்நெட் 99
- இருளர் மொழி
- படுகு மொழி
- நீலகிரி மாவட்டம்